மூச்சுக்குழாய்

வண்டி எஞ்சினின் காற்றுக் குழாய் வாயில் சுபாஷிணி கட்டிவைத்திருந்த பால் கவர் உள்ளே இழுபட்டிருந்தது. பூச்சி ஏதும் புகுந்துவிடக் கூடாதென்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டு, மாடிக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால், குழந்தை உறிஞ்சித் தீர்த்த ஜூஸ் டப்பா மாதிரி, கவர் குழாய்க்குள் ஒட்டிக் கிடந்தது. எஞ்சின் ஓடினால்தான் அந்தக் குழாய் காற்றை இழுக்கும். சாவியோ அவள் ஜீன்ஸ் பாக்கெட்டில் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவர் மெல்ல வெளியே உப்பியது. பிறகு மறுபடி உள்ளே போயிற்று.

"காத்து" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தில்லி சரோஜினி நகரில் அன்று சாயங்காலம் ஓர் இலைகூட அசையவில்லை. இடிப்பதற்காக ஒவ்வொன்றாகக் காலி செய்த குவார்ட்டர்ஸ் வரிசையில், அவர்கள் வீட்டையும் கோடி வீட்டையும் தவிர எங்கும் விளக்கில்லை. ஜன்னல் பெயர்த்த வீடுகளுக்குள் மழை விழும் சத்தம், யாரோ அறை அறையாக நடப்பதுபோல் கேட்டது. தகரக் கூரை போட்ட ஸ்கூட்டர் கராஜில் கிரீஸ் வாடை, ஈரச் செங்கல் வாடை, அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. ஆற்றங்கரை வாடை. அதை அவள் வேண்டுமென்றே கண்டுகொள்ளவில்லை.

வண்டி அவள் தம்பி அஷ்வத்துடையது. பைக்கின் ஹேண்டிலும் டிராக்டரின் சக்கரமுமாக இருக்கும் ஏடிவி. போன வருஷம் மழையில், ஜமுனா கரையில், வண்டி ஓட்டப் போகிறவர்கள் 'குழி' என்று மட்டும் சொல்கிற சேற்றுப் பள்ளத்தில் அதை இறக்கினான். நட்டநடுவில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றது. தள்ளலாமென்று கீழே இறங்கினான். மறுநாள் வண்டியைக் கயிறு போட்டு இழுத்து எடுத்தார்கள். அஷ்வத்தை எடுக்க முடியவில்லை. அவனுக்கு முன்னாலும் அந்தக் குழி ஆட்களைக் காவு வாங்கியிருக்கிறது என்பதைக் கரையோர ஜனங்கள் எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை வண்டி கை மாறுகிறது. அப்பா கஸ்தூரிரங்கன் கரோல் பாகில் ஆள் பார்த்துவிட்டார். சுபாஷிணிக்கு மிச்சமிருப்பது நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான். அதற்குள் இதே வண்டியில் அதே குழியில் இறங்கி அக்கரை ஏறிவிட வேண்டும். தாண்டினால் அஷ்வத் வந்துவிடுவானா என்று அம்மா கேட்டாள். வர மாட்டான். ஆனால் ஒரு சேற்றுப் பள்ளம் தன் தம்பியை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு படுத்திருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆகவே அஷ்வத் அவசரத்தில் விட்டதையெல்லாம் அவள் உட்கார்ந்து செய்தாள். ஒயர் முனைகளுக்கெல்லாம் கிரீஸ் அப்பினாள். சேற்றில் வண்டியின் அடிவயிறு தட்டாமலிருக்க ஸ்பிரிங்குகளை முறுக்கி இறுக்கினாள். இப்போது அவள் ஏறிக் குதித்தாலும் வண்டி இம்மி இறங்காது. கடைசியாக, எஞ்சின் மூச்சு விடும் வழியை ஹேண்டில் உயரத்துக்குக் குழாய் போட்டுத் தூக்கி, மூட்டுக்கு மூட்டு சிலிக்கான் பசை தடவிக் கிளாம்ப் போட்டாள்.

மாடி பால்கனியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "சுபா, போறும்டி. மேல வா. தோசை ஆறிப்போறது."

"ஆறட்டும்மா. டெஸ்ட் ஒண்ணு பாக்கி."

"அவனும் இப்படித்தான் அங்கயே கெடந்தான்."

"அவன் குழாய் போடலம்மா. நான் போட்டிருக்கேன்."

மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

டெஸ்ட் சுலபமானது. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூட வேண்டும். மூட்டுகள் சரியாக இருந்தால் எஞ்சின் மூச்சு முட்டி அணைந்துவிடும். அணையாவிட்டால் வேறெங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

கவரைப் பிய்த்து எறிந்தாள். சாவியைத் திருப்பினாள். மூடினாள்.

எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அணைத்துவிட்டுக் கிளாம்புகளை எல்லாம் இன்னொரு முறை இறுக்கி, மறுபடி மூடிப் பார்த்தாள். ஓடியது. எங்கிருந்தோ அதற்கு யாரோ காற்று கொடுக்கிறார்கள். சீட்டைக் கழற்றி, காற்று வந்து சேரும் ஏர் பாக்ஸின் மூடியைத் திறந்தாள். மத்தியானம் துணியால் துடைத்துக் காயவைத்த பெட்டி. விளிம்பு வரை அந்தக் குழியின் சேறு. கறுப்பு. கையை விட்டால், உடம்புச் சூடு.

பயந்தாள்; பயந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. "என் வண்டியில வந்து உக்காந்திருக்கியா நீ?" என்று கேட்டு, இரண்டு கையாலும் வாரி வாரி வாளியில் போட்டாள். பெட்டியைத் துடைத்தாள். மூடியைப் பூட்டினாள். சீட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். குழாயின் வாயில் கையை வைத்து அழுத்தினாள்.

எஞ்சின் இருமியது. திணறியது. நின்றது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். சாவியை உருவி இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

உள்ளங்கையைக் குழாய் இழுத்தது. விட்டது. இழுத்தது. எஞ்சின் ஓடவில்லை. இழுத்தது. இப்போது வேகமாக. தவிப்பாக.

"தீதி."

தில்லியில் பிறந்த அஷ்வத் ஒருநாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை; இந்தியில் தீதிதான்.

"தீதி... கைய எடு."

பிய்த்து எடுத்தாள். குழாய்க்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்த மூச்சு. ஆற்றங்கரை வாடை அவள் முகத்தில் அடித்தது. அழுதாள். அழுகையை மீறிக் கோபம் வந்தது. குழாயின் வாயருகே குனிந்தாள்.

"அஷ்வத், நான் வரேன்டா. காலம்பற வரேன். உன்ன அங்க விட மாட்டேன். இதே வண்டில ஏத்திண்டு வந்துடுவேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

உள்ளே மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல்.

பிறகு இன்னொரு மூச்சு வந்தது. அது அஷ்வத்துடையது இல்லை. கோழை கட்டிய, வயதான மூச்சு. அதை நெட்டித் தள்ளிக்கொண்டு மற்றொன்று. மெலிசாக, குழந்தையுடையதுபோல். அதற்குப் பின்னால் இன்னும். ஒரே குழாய். ஆளுக்கு ஒரு வாய் காற்று. முண்டியடித்துக்கொண்டு.

அவள் சொன்னதைக் குழி விழுங்கிய எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

கிரீச்.

இறுக்கி முறுக்கிய ஸ்பிரிங் பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது. இறங்கியபடியே நின்றது.

கிரீச். இன்னும் கொஞ்சம்.

நீள சீட்டின் பின்கோடியில் ஈரம் படர்ந்தது. கறுப்பாக. அதற்கு முன்னால் இன்னோர் ஈரம். அதற்கும் முன்னால். ஒட்டி ஒட்டி உட்காருகிற மாதிரி. டயர்கள் பிதுங்கின. வண்டியின் அடிவயிறு தரையைத் தொட்டது.

"ஜல்தி, தீதி."

"காலம்பறன்னு சொன்னேன்" என்றாள் சுபாஷிணி, பல்லைக் கடித்துக்கொண்டு. சாவி இடது கைக்குள் இறுகியிருந்தது.

எஞ்சின் தானாகக் கிளம்பியது. ஹேண்டில் மெதுவாக வாசல் பக்கம் திரும்பியது. மழைக்கு அப்பால் எங்கும் இருட்டு.

சீட்டின் முன்கோடியில், ஒரு பெண் உட்காரும் அளவுக்கு மட்டும், இடம் காய்ந்து காலியாக இருந்தது.