வேலிக்கு அந்தப் பக்கம்

வாக்கி-டாக்கியில் பதிலுக்கு ஒரே ஒரு சொடுக்குதான் வந்தது.

இரண்டு வந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அதுதான் ஏற்பாடு. ஒருவன் சுட்டுவிட்டால் பொத்தானை இரண்டு முறை அழுத்துவான். மற்றவன் இரண்டு முறை அழுத்திப் பதில் சொல்வான். எனக்கு ஒன்றுமில்லை, உனக்கும் ஒன்றுமில்லையே என்பதோடு முடிந்துவிடும். அதில் பேச ஆசைப்படுகிறவன் வேட்டைக்கு வராமல் வீட்டில் மாமியாரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பான் டெல். ஒற்றைச் சொடுக்குக்கு என்ன பொருள் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டதே இல்லை.

லைமன் கருவியைக் காதில் வைத்தபடி பாறைமேல் உட்கார்ந்திருந்தான். காலை மணி ஏழு இருபது. அக்டோபர் மேகம் மலைச்சரிவில் இறங்கி, ஐடஹோவின் அந்த மூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும் சேஜ் புதர்க்காட்டை மூடியிருந்தது. ஒவ்வொரு புதரின் ஒவ்வோர் இலையிலும் வெள்ளை முள்ளாக உறைபனி நின்றது. துப்பாக்கி மருந்தின் காரமும் சேஜ் இலையின் கற்பூரக் கசப்பும் நகராமல் முகத்தைச் சுற்றியே நின்றன.

மூன்று நிமிடத்துக்கு முன்புதான் மேகம் ஒரு கதவளவு விலகியது. இருநூறு கஜம் கீழே, புதர்களுக்கு நடுவில், பழுப்பாக ஒரு முதுகு குனிந்தபடி நகர்ந்தது. முதுகு மட்டும்தான், தலையை அவன் பார்க்கவில்லை, கொம்பைப் பார்க்கவில்லை, ஆனால் ஐந்து நாளாக ஒன்றும் கிடைக்காத விரல், கதவு மூடப்போகிறது என்ற அவசரத்தில் அழுத்திவிட்டது. குண்டு பட்ட ஓசை திரும்பி வந்தது. நனைந்த கம்பளியைத் தடியால் அடித்தது போன்ற ஓசை. எலும்பில் பட்டால் வெடிப்பாகக் கேட்கும். இது வயிறு.

வயிற்றில் அடிபட்ட மிருகத்தை உடனே பின்தொடரக் கூடாது. அந்தப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போனால் எழுந்து ஓடும். மைல்கணக்கில் ஓடி எங்கோ செத்து நரிக்குப் போகும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், உடம்பு விறைக்கும், மெல்ல அடங்கும். மான் என்றால் நான்கு மணி நேரம். குதிரையளவு வளரும் எல்க் என்றால் ஆறு. லைமன் துப்பாக்கியைப் பாறையில் சாய்த்தான், பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக் காப்பி ஊற்றிக்கொண்டான்.

குண்டு பட்ட ஓசையின் கனத்தை வைத்து அது எல்க்தான் என்று முடிவுசெய்திருந்தான். அதனால் ஒரு சங்கடம் இருந்தது. அவனிடம் இருந்தது மான் சுடும் அனுமதிச் சீட்டு மட்டும். எல்க் சீட்டு டெல்லுடையது. ஒன்பது வருடம் குலுக்கலில் பெயர் விழாமல் பத்தாவது வருடம் விழுந்த சீட்டு. சுட்ட மிருகத்தின்மேல் சீட்டைக் கட்ட வேண்டும் என்பது சட்டம்; கீழே கிடப்பதன்மேல் அதைத்தான் கட்டியாக வேண்டும். ஒரு தோட்டாகூடச் சுடாமல் டெல்லின் பத்து வருடம் முடிந்துபோகும். லைமன் அதற்கான மன்னிப்பை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தான். அந்தக் குற்றத்தை நினைத்துக்கொண்டிருப்பது ஏனோ வசதியாக இருந்தது.

பொத்தானை அழுத்தி, எங்கே இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், எதைச் சுட்டாய் என்று டெல் திருப்பிக் கேட்பான். தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு, இதே போன்ற ஒரு விடியலில், லைமன் ஒரு பண்ணைக்காரரின் செவலைக் கன்றைச் சுட்டுவிட்டான். டெல்தான் கூடப் போய் அந்த மனிதரின் வாசலில் நின்று அவனுக்காகப் பேசினான். அதற்கு விலையாக ஒவ்வோர் அக்டோபரிலும் பிக்கப் வண்டிக்குள் ஒரு மாட்டுமணி தொங்கும். இன்று விடியுமுன் காப்பி ஊற்றும்போதுகூட டெல் விடவில்லை.

“நானும் கழுத்துல ஒரு மணி கட்டிக்கட்டுமாடா? போட்டிருக்கிறது பழுப்புக் கோட்டு. உனக்கு வேற கன்னுக்குட்டின்னாலே கை நிக்காது.”

லைமன் சிரித்தான். டெல்லும் சிரித்தான். ஆரஞ்சு உடுப்பு கட்டாயம் என்று அங்கே சட்டம் இல்லை. இருவரும் போட்டுக்கொண்டதும் இல்லை. சரிவின் குறுக்கே போகும் பழைய முள்கம்பி வேலிதான் அவர்களுடைய சட்டம். வேலிக்கு மேலே லைமன், கீழே ஊற்றுப் பக்கம் டெல். எவனும் வேலியைத் தாண்டிச் சுடக் கூடாது. வழக்கமாக மேலே உட்காருகிறவன் டெல். லைமனின் முழங்கால் வலியால் இந்த வருடம் மாற்றிக்கொண்டார்கள்.

பாறையிலிருந்து வேலி எவ்வளவு தூரம் என்று அவன் யோசித்தான். முன்னூறு கஜம் இருக்கும். இருக்க வேண்டும். மேகத்தில் வேலியே தெரியவில்லை.

எட்டு மணிவாக்கில் கீழிருந்து ஓர் ஓசை வந்தது. மெல்லிய, இழுவையான, மூக்கால் வருகிற ஓசை. பெண் எல்க் கன்றை அழைக்கும்போது அப்படித்தான் கத்தும். அவன் தலையாட்டிக்கொண்டான். எல்க்தான். கொஞ்ச நேரம் கழித்து இருமல். மிருகங்களும் இருமும், நுரையீரல் ஓரத்தில் பட்டிருந்தால் இருமத்தான் செய்யும். அதன் பிறகு அந்த இழுவை ஓசை மறுபடியும் வந்தது, இரண்டாக முறிந்து, முதல் பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும். அவன் பெயரும் இரண்டு அசைதான்.

காப்பி மூடியைத் திருகி மூடினான். திருகாணியின் கீச்சொலி அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது.

எட்டரைக்கு வாக்கி-டாக்கி ஒரு முறை சொடுக்கியது. பிறகு இரைச்சல். யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் இரைச்சல். அதற்குள் காற்று போய் வந்தது. ஈரமாக. போய், நின்று, வந்தது.

டெல்லின் சட்டைப்பையில் கருவி அழுந்தியிருக்கும். ஊற்றுப் பக்கம் குறட்டை விட்டுத் தூங்குகிறான். எல்க் ஏதாவது பக்கத்தில் நின்றால் இந்த இரைச்சல் அதைக் கலைத்துவிடும் என்று லைமன் நினைத்தான். மின்கலம் தீர்ந்துவிடும் என்றும் நினைத்தான். ஒலியைக் குறைக்கும் குமிழைத் திருப்பினான். கடைசிவரை திருப்பினான். குமிழ் ‘டிக்’ என்று நின்றது.

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் அவன் எதையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று பிறகு சத்தியமும் செய்யலாம். காதுமடல் வரை தொப்பியை இழுத்துவிட்டிருந்தான்.

ஒன்று இருபதுக்கு எழுந்தான். மேகம் விலகவில்லை; உறைபனி உருகவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. பாறைக்கு வலப்புறம் இறங்கும் மான்தடத்தில் அடிகளை எண்ணிக்கொண்டே போனான். நூற்றெண்பதாவது அடியில் நெஞ்சில் எதுவோ இடித்தது.

முள்கம்பி.

வேலி.

இரத்தம் இன்னும் வரவில்லை. வேலி வந்துவிட்டது. இந்தப் பக்கம் புல், பனி, அவனுடைய மூச்சு. அந்தப் பக்கம், ஐம்பதடி தள்ளி, வெள்ளைப் புதர்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு திட்டு.

அவன் கம்பியைத் தாண்டினான். திட்டின் அருகே குத்தவைத்தான். வயிற்றில் பட்ட மானின் இரத்தத்தில் அரைத்த தழை கிடக்கும், தழை வாசனை அடிக்கும். விரலால் தொட்டு முகர்ந்தான். தழை இல்லை.

“மணி பாத்து இறங்கி வர்றடா நீ.”

டெல் நின்றுகொண்டிருந்தான். பத்தடியில். பழுப்புக் கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. கை, கால், தலை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.   லைமன் பனியில் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஏண்டா பதில் குடுக்கல நீ?”

“குடுத்தேனே. ரெண்டு தடவ.”

ஒத்திகை பார்த்த மன்னிப்பு மொத்தமும் கொட்டியது. சீட்டைப் பற்றி, பத்து வருடத்தைப் பற்றி, அடுத்த வருடம் தன் முறையையும் தந்துவிடுவதாக. டெல் கேட்டுக்கொண்டு நின்றான். கேலி செய்யவில்லை. கன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“சீட்டு கெடக்கு, விடு. வா, தேடுவோம்.”

டெல் முன்னால் நடந்தான். தடம் பார்ப்பதில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன். இன்று நிற்கவே இல்லை, குனியவே இல்லை. இங்கே முதலில் விழுந்திருக்கிறது என்றான். இங்கே எழப் பார்த்திருக்கிறது, முடியவில்லை.

“அப்புறம் முழங்கைய ஊனி இழுத்துக்கிட்டே போயிருக்கு.”

முழங்கை என்ற சொல் லைமனின் காதில் விழுந்தது. அவன் பின்னாலேயே நடந்தான்.

தடம் வேலியை நோக்கித் திரும்பியது. அடிக்கம்பியின் கீழ் புல் நசுங்கிக் கிடந்தது. முள்ளில் ஏதோ சிக்கியிருந்தது. முரட்டுத் துணியின் நூல், பழுப்பாக, நாலைந்து இழை. டெல் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“முடி,” என்றான்.

வேலிக்கு மேலே தடம் ஏறிக்கொண்டே போனது. அடிபட்டது தண்ணீரைத் தேடும். தண்ணீர் பள்ளத்தில்.

“ஊத்து கீழல்ல இருக்கு, டெல்.”

“தண்ணிக்குப் போகல. ஆளத் தேடிப் போயிருக்கு.”

லைமன் நடக்கும்போது புதர்களிலிருந்து உறைபனி உதிர்ந்து கோட்டுக் கையெல்லாம் வெள்ளையானது. டெல் உரசிப்போன புதர்களில் பனி உதிரவில்லை. லைமன் அதைப் பார்த்தான். அடுத்த புதரில் பார்த்தான். அதற்கடுத்த புதரில் பார்க்கவில்லை.

ஒரு புதரடியில் புல் படிந்திருந்தது. நீளமாக. குறுகலாக. தலைமாடு மேல்பக்கம்.

“எட்டு மணிக்கு இங்கதான் படுத்திருக்கு. ரொம்ப நேரம். மேல யாரோ பிளாஸ்க் மூடியத் திருகுற சத்தம் இதுவரைக்கும் கேக்கும்.”

“டெல்.”

“கேட்டதும் தெம்பு வந்திருக்கு பாரு. இன்னும் முப்பதடி போயிருக்கு.”

“டெல், நான் கேக்கலடா. சத்தியமா ஒண்ணும் கேக்கல.”

டெல் திரும்பவில்லை. நடந்தான். ஒரு ஜூனிப்பர் மரம் மேகத்திலிருந்து கறுப்பாக வெளிவந்தது. அதற்கு மேலே, கல்லெறியும் தூரம்கூட இல்லை, பாறை. அவன் பாறை. அவன் உட்கார்ந்து பனி உருகிய இடம் ஈரமாக மின்னியது.

மரத்தடியில் ஒன்று கிடந்தது. மல்லாந்து.

டெல் முதுகைக் காட்டி அதன் பக்கத்தில் முழங்காலிட்டான். கோட்டுக் கையை மேலே சுருட்டினான். கத்தி உறையிலிருந்து வரும் ஓசை. நிதானமான ஓசை. வேலையைத் தொடங்கும்போது வரும் ஓசை.

லைமன் டெல்லின் பிடரியைப் பார்த்தான். பிடரியை மட்டும். அதற்கு அப்பால் கண்ணை விடவில்லை.

“கால அகட்டிப் பிடி.”

ஒருவன் பிடிக்க ஒருவன் அறுப்பது. இருபத்திரண்டு வருடம். கை தானாக நீண்டது.

குளம்பு இல்லை. தோல். முடிச்சுப் போட்ட கயிறு. தடித்த அடி. பூட்ஸ்.

உள்ளே சூடு.

உள்ளே விரல்கள் மடங்கின. மெதுவாக. நிமிர்ந்தன.

“டெல், இது இன்னும்...”

“தெரியும். இறுக்கிப் பிடி.”

கத்தி இறங்கியது. பூட்ஸ் அவன் கைகளுக்குள் உதைத்தது. லைமன் கண்ணை டெல்லின் பிடரியிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.