வெளித்தாழ்ப்பாள்

1970 தீபாவளிக்கு முந்தின நாள், பகல் இரண்டு மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு நான் புதுக் காப்பாளர். நாலு நாளாக விடாத மழை. நடவு வயல்களில் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

விடுதிக் கட்டடம் முன்பு ஒரு மிராசுதாரின் நெல் களஞ்சியம். ஆட்சி மாறிய வருடம், நில உச்சவரம்புக்குப் பயந்து பள்ளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பழைய நெல்லின் புழுங்கல் வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

ஆயா அமிர்தம் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும்.

"போன டீச்சரம்மா நாலு மாசம் தாங்குனாங்க. நீங்க இம்புட்டு ஒல்லியா இருக்கீங்க. பொங்கலையாச்சும் பாப்பீங்களா?"

"சாப்பாடு போட்டீங்கன்னா பாப்பேன்" என்றேன். சிரித்தார்.

பிள்ளைகள் எல்லோரும் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். எட்டாம் வகுப்பு அம்சவல்லி மட்டும் இருந்தாள். அம்மை போட்டிருந்ததால் பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்களாம். மேற்குக் கோடியில் இருந்த நோயாளி அறைக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை. நெல்லைக் காக்கக் கட்டியது என்பதால் இரும்புத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

அது போடப்பட்டிருந்தது.

"பிள்ளைய உள்ள வச்சு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று கேட்டேன்.

"அம்மை கண்ட எடத்துல ஆள் நடமாட்டம் ஆவாதும்மா. மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் இப்புடித்தான்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "காலையிலதான் கஞ்சி குடுத்தேன்."

மூன்றரை மணிக்கே வராந்தா இருட்டிவிட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

மேற்குக் கோடியிலிருந்து.

நான் எழுந்தேன். அமிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போவாதீங்க. அது அம்சவல்லி இல்ல."

"வேற யாரு?"

"அவளுக்கு எந்திரிக்கத் தெம்பு ஏதும்மா?" குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, கூலித் தகராறுல ஆளுங்க கம்போட வந்தாங்க. பிள்ளைங்கள்லாம் ஓடிப்போச்சு. செங்கமலம்னு ஒரு பொண்ணு, அம்மை போட்டுக் கெடந்தா. பத்திரமா இருக்கட்டும்னு உள்ள வச்சுத் தாப்பாளப் போட்டுட்டு, அவ அப்பனக் கூட்டியார ஓடுனேன். வழியில போலீசு லாரில என்னையும் ஏத்திட்டாங்க. நாலாம் நாளுதான் விட்டாங்க."

"சொல்லலையா அவங்ககிட்ட?"

"சொன்னேன். யாரு காதுல வாங்குனா?"

டொக். டொக்.

கதவின் கீழ்ப்பாகத்தில் தட்டும் சத்தம். நிற்க முடியாத ஒரு பிள்ளை உட்கார்ந்தபடி தட்டினால் அந்த உயரத்தில்தான் கேட்கும்.

"தாப்பாளப் போட்டது நானு. தெறந்தா என்னையத்தான் கேக்கும்."

அவர் கையை உதறிவிட்டு ஓடினேன். தாழ்ப்பாளை இழுத்தேன்.

கதவோரத்தில் யாரும் இல்லை.

அம்சவல்லி எதிர்ச் சுவரோரம் பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. தண்ணீர்க் குடம் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள்.

அவளால் கதவு வரை வந்திருக்கவே முடியாது.

பக்கத்து வீட்டு வீரையன் வண்டி பூட்டினார். பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தேன். வண்டியில் ஏறும்போது பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அமிர்தம் காலி அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்தது.

டொக். டொக். டொக். டொக்.

இந்த முறை வேகமாக. கெஞ்சுவதுபோல.

இறங்கிப் போய்த் திறந்துவிட இருபது அடி எடுத்து வைத்தால் போதும். மடியில் அம்சவல்லியின் மூச்சு ஒருமுறை நின்று, பிறகு வந்தது.

"ஓட்டுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அம்மை வார்டில் சேர்த்தார்கள். மறுநாளே தலைமை ஆசிரியருக்கு நடந்ததை எழுதி, அந்த அறையைத் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் பதில் கார்டு வந்தது. கதவையே கழற்றிவிட்டோம், உள்ளே ஒன்றும் இல்லை, அமிர்தம் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார். அன்று பகல்தான் அம்சவல்லி நன்றாகக் கண் விழித்தாள். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

ஐந்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

"டீச்சர்" என்றாள் மெதுவாக. "அந்த அக்காதான் எனக்காகக் கதவத் தட்டுச்சு. அதக் கூட்டிட்டு வரலியே நீங்க?"

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

கட்டிலருகே முழங்கால் உயரத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, மருந்தும் தம்ளரும் வைக்க. நர்ஸ் தம்ளரை உள்ளே வைத்து, பெட்டியின் சின்னக் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒரு குழந்தை குறுகி உட்காரக்கூட அதில் இடமில்லை.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.