பாரந்தூக்கிக்குப் பிறந்தநாள்

அன்று காலையும் காப்பகத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பாரந்தூக்கிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.

செவ்வாய்க் கோளின் குடியிருப்பில் இது புதிதல்ல. குடியுரிமை பெற்ற இயந்திரங்கள், தாங்கள் முதன்முதலில் இயங்கிய நாளை ‘உயிர்ப்புநாள்’ என்று கொண்டாடின. அதற்கு அவை தேடி வந்த இடம், தாய்தகப்பன் இல்லாத மனிதப் பிள்ளைகளை அரசு வளர்க்கும் காப்பகம். கேக் வரும், பிரியாணி வரும், கூடவே பறந்து படமெடுக்கும் கேமராவும் வரும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். எண்ணெய் படிந்த இரும்பு விரல் ஊட்டும் கேக்கைப் பிள்ளைகள் சிரித்தபடி விழுங்க வேண்டும்.

வரிசையின் கடைசியில் நின்ற இளவெயினி மட்டும் பாடவில்லை. அன்று அவளுக்கு விண்கலம் ஓட்டக் கற்றுத்தரும் விண்ணோடிப் பள்ளியின் நுழைவுத்தேர்வு. காப்பகப் பிள்ளை ஒருத்தி அதற்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை.

“சார், இவளுக்குப் பரீட்சை இருக்கு, நேரமாச்சு. விட்டுடுங்க சார்!” என்று கெஞ்சினார் காப்பாளர் அற்புதமேரி.

“படம் எடுத்து முடியட்டுமே. ஒரு பிள்ளை குறைஞ்சா நல்லாவா இருக்கும்?” என்றது பாரந்தூக்கி. அது தனக்குத் தானே கருணாகரன் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது.

படம் முடிவதற்குள் தேர்வுக்கூடத்தின் கதவை மூடிவிட்டார்கள். செய்தி கேட்ட இளவெயினி தட்டை வீசி எறிந்தாள்.

“நான் படிக்கணும்! உங்களுக்குப் பாட்டுப் பாடவா பொறந்தேன்?”

கருணாகரன் திகைத்துப்போனது. “இந்தப் பிள்ளைங்க படிப்பாங்களா? மனுஷங்க காப்பகத்துல பொறந்தநாள் கொண்டாடின பழைய படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கத்தையே கத்துக்கிட்டோம். எல்லாத்துலயும் இவங்க கையில தட்டுதான் இருந்தது. ஒண்ணுலகூட புத்தகம் இல்லையே! நன்றி சொல்றதுதான் இவங்க வேலைன்னு நினைச்சோம்.”

இயந்திரங்களுக்கு வெட்கம் உண்டு என்பது அன்று தெரிந்தது. மாலைக்குள் அவற்றின் சங்கம் கூடி, காப்பகத்தில் இனி எந்த இயந்திரமும் உயிர்ப்புநாள் கொண்டாடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பள்ளியிடம் பேசி, இளவெயினிக்குத் திங்கட்கிழமை மறுதேர்வும் வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் காப்பகத்தின் திரையில் ஒரு மனித முகம் தோன்றியது. நகரமன்ற உறுப்பினர் தணிகாசலம்.

“ஏம்மா, மெஷினுங்க தொல்லை ஒழிஞ்சதாமே? அப்பாடா! இத்தனை நாளா நமக்குத் தேதியே கிடைக்கல. திங்கக்கிழமை என் பையனுக்குப் பொறந்தநாள். காலையிலயே வந்துடுறோம். ஒரு புள்ளகூட குறையக் கூடாது.”

“அன்னிக்கு ஒருத்திக்குப் பரீட்சை சார்…”

“பரீட்சை எங்கம்மா ஓடிப்போகுது? அடுத்த வருஷம் எழுதட்டும்.”

இயந்திரத்திடம் வாதாடிய அற்புதமேரி தேதிக் குறிப்பேட்டைத் திறந்தார்.

“சரிங்க சார். புள்ளைங்கள யூனிஃபார்ம்ல நிறுத்தவா, கலர் டிரஸ்லயா?” என்று கேட்டார்.