காற்றுக்குமிழிக்கு ஓர் உட்கரு

“சார்… நீங்க வரைஞ்சிருக்கிறது செல் இல்லை. காத்துக்குமிழி.”

அவன் நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண், அவன் எடுக்க மறந்திருந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண் லென்ஸில். இடது கண் அவனுடைய நோட்டில். மைக்ராஸ்கோப் பார்க்கும்போது மறு கண்ணை மூடக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். அதைக் கடைப்பிடிக்கும் ஒரு ஜீவனை அவன் அன்றுதான் பார்த்தான். பெரிய கண்… எந்த நிமிஷமும் மழை இறங்கிவிடும் என்பதுபோல் இருண்டிருந்த கண். மற்றவர்களுக்கெல்லாம் காதல் இரண்டு கண்களால் தொடங்குகிறது. இவனுக்கு வாய்த்தது பாதி.

“அப்ப நடுவுல இருக்கிற நியூக்ளியஸ்?”

“தூசி.”

“மூணு தடவை பரீட்சைல இதைத்தான் வரைஞ்சேன். யாருமே சொல்லலை.”

“ஃபெயில் போட்டாங்களே… வேற எப்படிச் சொல்லுவாங்க?”

செல்களும் உயிர் மூலக்கூறுகளும் என்பது முதலாண்டுத் தாள். அவன் மூன்றாமாண்டு. செய்முறைத் தேர்வில் அரியர் வைத்தவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று கல்லூரி ஆய்வகத்தை ஒரு வாரம் திறந்துவைத்திருந்தது. வந்தவர்கள் இரண்டு பேர். பூஞ்சை பிடிக்காத மைக்ராஸ்கோப் ஒன்று. விதி இதைவிடச் சிக்கனமாக யாரையும் சேர்த்துவைத்ததில்லை.

பல்குச்சியால் உள்கன்னத்தை வலிக்காமல் சுரண்டவும், அதைக் கண்ணாடியில் தடவி ஒரு சொட்டு நீலச்சாயம் விடவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை அவன் தொப்பென்று போடுவான், குமிழி வரும். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இவ்வளவு தெரிந்தவள் எப்படி அரியர் வைத்தாள் என்று கேட்டபோது மட்டும் ஏற்கெனவே துடைத்த ஸ்லைடை மறுபடி துடைத்தாள்.

மூன்றாம் நாள் நல்ல மழை. அவன் உள்ளே வந்தபோது அவள் கை கழுவப் போயிருந்தாள். மைக்ராஸ்கோப்பில் வேறு ஏதோ ஸ்லைடு இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. எட்டிப் பார்த்தான். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரே நெரிசல்… உப்பிப்போன கறுத்த உட்கருக்கள்… ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

அவள் திரும்பி வந்ததும், அவன் தன் வழக்கமான இழவு முகத்தோடு சொன்னான்: “என்ன இது, பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மாதிரி… ஒருத்தருக்கும் ஒழுங்கில்லை. யாரோடதுங்க இவ்வளவு அசிங்கமா?”

“எங்க அம்மாவோடது.”

அவள் ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மூடினாள். குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் வருவாளோ மாட்டாளோ என்று அவன் காலையிலிருந்தே ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக்கு ஒரு வசனம் தயார் செய்து, அதில் இரண்டு ஜோக் இருப்பதைக் கண்டுபிடித்து, அடித்து, மீண்டும் எழுதினான். அவள் வாசலில் தெரிந்தபோது மிச்சமிருந்தது ஒரு சொல். “மன்னிச்சிடுங்க.” மடக்கிய குடையை நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடி அவளாகவே சொல்லத் தொடங்கினாள். போன வருடம் இதே தேர்வு நாளன்றுதான் அம்மா புற்றுநோயில் இறந்துபோனது. சோதனைக்கு எடுத்த சதையின் ஐந்து ஸ்லைடுகளை ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுத்தது. சனிக்கிழமை வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போகிறார்கள். இந்தப் பெட்டி புது வீட்டுக்கு வரக் கூடாது, தூக்கிப் போட்டுவிடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

“இந்த ஸ்லைடுங்கள்ல… ஓரத்துல எங்கயாவது அம்மாவோட நல்ல செல் ஒண்ணாவது இருக்கும்ல? கிடைச்சா வரைஞ்சு தர்றீங்களா? அது போதும் எனக்கு.”

தேடினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று… ஒவ்வொரு ஸ்லைடையும் ஓரம் ஓரமாக நகர்த்தி, மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எங்கும் அதே நெரிசல். ஐந்தாவதும் முடிந்தது. அவள் அவனையே பார்த்தாள். இப்போது இரண்டு கண்களாலும்.

அவன் கையில் பென்சில் இருந்தது. இல்லாததை வரைவதில் அந்தக் கல்லூரியிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு கோடு இழுத்தால் போதும், அவள் நம்பிவிடுவாள்.

பென்சிலைக் கீழே வைத்தான்.

“கிடைக்கலைங்க. பொய்யா ஒண்ணு வரைஞ்சிடலாம், எனக்கு நல்லா வரும். ஆனா உங்களுக்கு அது வேணாம்.”

அவள் தலை குனிந்தது. அவன் ஒரு பல்குச்சியை எடுத்து அவள் முன் வைத்தான்.

“அந்தப் பெட்டியில இருக்கிறது அம்மாவுக்கு வந்த நோய். அம்மா அதுல இல்லை. செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா இருக்கே… அது அப்பாகிட்டேர்ந்து வராது. அம்மாகிட்டேர்ந்துதான் வரும். உங்க ஒவ்வொரு செல்லுலயும் அவங்க குடுத்ததுதான் ஓடிட்டிருக்கு. இந்த மைக்ராஸ்கோப்ல தெரியாது. ஆனா இருக்கு. நாற்பத்தொண்ணாம் பக்கம்.”

“நீங்க… புத்தகம் படிச்சீங்களா?”

“பஸ்ல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவள் கன்னத்தைச் சுரண்டினாள். சாயம் விட்டாள். குனிந்து பார்த்தாள்… அன்றுதான் முதல் முறையாக இடது கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்துதான் முதலில் வழிந்தது.

அவன் அந்தச் செல்லை வரைந்தான். சவ்வு, நடுவில் உட்கரு, சுற்றிலும் கலர் பென்சிலால் தெளிந்த நீலம். தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னான்.

“சனிக்கிழமை போயிடுவீங்க. அதனால இப்பவே சொல்லிடறேன்… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதுல ஜோக் எதுவும் இல்லை.”

அவள், அவன் பாதியில் விட்டிருந்த ஸ்லைடை இழுத்து வைத்து, மெல்லிய கண்ணாடியை அவன் விரல்களில் கொடுத்தாள்.

“ஒரு ஓரத்தை முதல்ல வைங்க. அப்புறம் மெதுவா… அவசரப்பட்டா உள்ள வெறும் காத்துதான் இருக்கும்.”

“அப்ப வேணாங்கறீங்களா?”

“மெதுவான்னு சொன்னேன்.”

கண்ணாடி இறங்கியது. ஒரு குமிழிகூட இல்லை.

போகும்போது அந்த அட்டைப் பெட்டியை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

“இதுல அம்மா இல்லைன்னு தெரியுது… இருந்தாலும் தூக்கிப் போட மனசு வரலை. நீ வச்சிருக்கியா? நான் வந்து வாங்கிக்கிறேன்.”

ஐந்து கண்ணாடித் துண்டுகள்தான். அவற்றைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.