கருப்புக்கு மேலே

எழுந்ததும் ஜெகதீஸ்வரன் பால் காய்ச்சினான். மகள் கனிஷ்காவின் டம்ளரில் ஆற்றி மூடி வைத்தான். பிறகு ஈரத்துணியோடு கொல்லைக்குப் போய், மனைவி வைத்த செம்பருத்தியின் இலைகளைத் துடைத்தான். சத்யபிரியா இறந்த பிறகு தினமும் இதுதான். எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் இலைகளில் கரி பூசினாற்போல் இருக்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும்.

இன்று துணியில் கருப்பு ஏறவில்லை.

பக்கத்துத் தோட்டத்து முத்தாயம்மாள்தான் போன மாதம் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள்.

“காலேஜு படிச்ச புள்ள எலையக் குளிப்பாட்டறதப் பாரு! கருப்பத் தொடச்சா ஆவுமா சாமி? அண்ணாந்து பாரு. தென்ன மட்டைக்கு அடியில வெள்ள ஈ. சாற உறிஞ்சிட்டு இனிப்பா ஒழுக வுடுது. அதுமேலதான் கருப்பு புடிக்குது. கீழ கருப்பு இருந்தா, மேல எதுவோ உக்காந்து குடிக்குதுன்னு வெச்சுக்க.”

மறுநாளே ஆள் விட்டுத் தென்னையை வெட்டினான். செம்பருத்தி பச்சையாகத் தளிர்த்தது.

துணியை அலசிவிட்டு மகளை எழுப்ப உள்ளே போனான். அறையில் புளித்த வெல்லப்பாகின் வாசனை. சன்னல் கம்பி வழியே நுழைந்த எறும்புச் சாரி, சுவரைப் பிடித்து, சத்யபிரியாவின் புகைப்படத்தைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் சட்டத்திலும் தலையணை உறையிலும் போர்வை மடிப்புகளிலும் மெல்லிய கருப்பு.

சத்யபிரியா மாதக்கணக்கில் படுத்திருந்த கட்டில். எந்த டாக்டராலும் நோய்க்குப் பெயர் சொல்ல முடியவில்லை. வற்றிக்கொண்டே போனாள்.

கனிஷ்காவின் மணிக்கட்டும் மெலிந்திருந்தது. எப்போதிலிருந்து?

“எந்திரி சாமி.”

“முடியலப்பா. தல ஒட்டிக்கிச்சு.”

தூக்கினான். தலையணையும் கூடவே வந்தது. திரும்ப முயன்றான். கால் பெயரவில்லை. தரை பிசினாக இழுத்தது. கதவு எதிரில்தான். திறந்துதான் இருந்தது.

பிடரியில் ஒரு சொட்டு. வெதுவெதுப்பாக.

இன்னொன்று.

மகள் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

“அப்பா, அது யாரு?”

அவள் முகத்தை நெஞ்சோடு அழுத்தினான். அவன் கழுத்து தானாக நிமிரத் தொடங்கியது.

சத்யபிரியா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், ‘பாப்பாவப் பாத்துக்குங்க’ என்றாள் என்றே சொல்லி வந்தான். அவள் அதைச் சொல்லவில்லை. இதே கட்டிலில், அவன் தலைக்கு மேலே பார்த்தபடி சொன்னது வேறு.

“அண்ணாந்து பாக்காதீங்க.”