சனிக்கிழமை அவன் வரவே முடியாது!

டெலிபோன் அலறியது.

ஆட்ரி ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் யாரோ இரைத்து இரைத்து மூச்சு வாங்கினார்கள்.

"எலும்பு கிடைச்சாச்சு இல்ல? அதோட விடு... இல்லேன்னா நீயும் கான்கிரீட்டுக்கு அடியில படுப்பே!"

'டொக்!'

ஆட்ரிக்கு நாற்பத்தொன்பது வயது. ஹார்ட்டன்ஃபோர்ட் ஊர்ப் பள்ளியில் சரித்திர டீச்சர். யுத்தத்தின்போது அந்த ஊரில் முகாம் போட்ட அமெரிக்கப் படைகளைப் பற்றிப் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்குக்கு அல்ல.

அவளுடைய அம்மா எட்னா வெள்ளை. அப்பா ரூஃபஸ் டெனார்ட், அமெரிக்க லாரிப் படையில் கறுப்புச் சிப்பாய். 1944-இல் கால்ஹௌன் என்ற வெள்ளை சார்ஜென்டைக் கொன்று எங்கோ புதைத்துவிட்டு ஓடிப்போனவன் என்று ஊர் சொன்னது.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்ட பெயர், 'கொலைகாரன் பெத்தது.'

நேற்று பழைய முகாமில், புது வீடுகள் கட்ட பொக்லைன் தரையை உடைத்தபோது...

மண்டை ஓடு!

கழுத்தெலும்பில், சிப்பாய்கள் மாட்டிக்கொள்கிற ஒரு தகரப் பட்டை. பட்டையில் கால்ஹௌன் பெயர்!

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர் ஆஷ்வொர்த், ஸ்டேஷனில். வாயில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. "உங்கப்பாதான். கிளாரென்ஸ் பிட்குட் அப்பவே சாட்சி சொல்லியிருக்கார். சனிக்கிழமை சாயங்காலம், டவுன் ஹால் டான்ஸ்ல, உங்கப்பா அந்த சார்ஜென்ட் சட்டையைப் பிடிச்சதைக் கண்ணால பார்த்தாராம்."

"சனிக்கிழமைன்னா சொன்னார்?"

"ஆமா."

"பொய்! சனிக்கிழமை எங்கப்பா வரவே முடியாது!"

"ஊருக்கே மேயரா இருந்தவர் மேடம் அவர். கசாப்புக்கடைக்காரர்தான்... ஆனா கௌரவமான மனுஷர்."

"கௌரவத்தைத் தராசுல போடுங்க. இங்க ரெண்டு படை இருந்துச்சு. பாலம் கட்டற வெள்ளைப் படை. லாரி ஓட்டி மூட்டை தூக்கற கறுப்புப் படை. ரெண்டு பேரும் ஒரே பப்புல நின்னா மண்டை உடையும்னு ராணுவமே கிழமையைப் பிரிச்சு விட்டுச்சு. செவ்வாயும் வெள்ளியும் கறுப்பு ஆளுங்களுக்கு. சனிக்கிழமை வெள்ளைக்கு மட்டும். அன்னிக்கு ஒரு கறுப்புச் சிப்பாய் முகாமை விட்டு ஆத்தைத் தாண்டி ஊருக்குள்ள வந்தா டான்ஸ் ஹாலுக்குப் போக மாட்டான்... நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்!"

ஆஷ்வொர்த் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது ராணுவத்துக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். கறுப்பன் தலையில கட்டிட்டா வேலை மிச்சம்னு விட்டுட்டாங்க. பிட்குட்டுக்குத்தான் தெரியலை. அவர் டான்ஸ் ஹால் வாசலையே மிதிக்காத ஆள். வாய்க்கு வந்த கிழமையைச் சொல்லிட்டார். எதுக்காகப் பொய்? கொலை பண்ணதே அவர்தான்!"

"பொய் சொன்னவனெல்லாம் கொலைகாரன்னா, நான் எங்க ஸ்டேஷனையே உள்ள போடணும்."

"என்கூட வாங்க. அவர் வாயாலேயே வரவைக்கறேன். நீங்க பின்பக்கமா வந்து சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நில்லுங்க. இந்த ஊர்ல எவன் பின்கதவைப் பூட்டறான்?"

பிட்குட் வாசல் கதவைத் திறந்தார். எழுபது வயது. மாட்டுத் தொடையை ஒற்றை ஆளாகத் தூக்கிய தோள்கள் இன்னும் இறங்கவில்லை. நெஞ்சு மட்டும் துருத்தி மாதிரி இரைந்தது.

அந்த இரைப்பு!

"போன்ல இதே சத்தம்தான் கேட்டுச்சு, மிஸ்டர் பிட்குட்."

"உள்ள வா பொண்ணே. டீ குடி. குடிச்சிட்டுப் போய்ச் சேரு."

"டான்ஸ் ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

"என்ன உளர்றே?"

"சனிக்கிழமை டான்ஸ் ஹால்ல எங்கப்பாவைப் பார்த்ததா சொன்னீங்களே... அன்னிக்கு அவர் ஊருக்குள்ள கால் வைக்கவே முடியாது. பொய்ச்சாட்சி! அந்த சார்ஜென்டைக் கொன்னது யாரு?"

பிட்குட்டின் முகம் வெளிறியது. கை சுவருக்குப் போனது. முயல் சுடுகிற இரட்டைக் குழல் துப்பாக்கி!

குழல் ஆட்ரியின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... விடுன்னு! எலும்பைத் தோண்டினாங்க. நீ எதுக்கு அதுக்கு மேல தோண்டறே?"

"சுடுங்க. அப்பன் பேரைக் கழுவாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்!"

குதிரையில் விரல் படிந்தது. மடங்கியது...

"துப்பாக்கியைக் கீழ போடு, கிளாரென்ஸ்!"

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே நின்றவள்...

எட்னா!

"அம்மா...? நீ எப்படி இங்க?"

"இவன்தான் போன் பண்ணி வரச்சொன்னான், உன் வாயை அடைக்கணும்னு. அவனை ஏன்டி மிரட்டறே? அந்த நாயைக் கொன்னது நான்."

ஆட்ரியின் பார்வை திரும்பியது. சமையலறைக் கதவு... அதற்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்! அவளே கூட்டி வந்து நிறுத்திய இன்ஸ்பெக்டர்!

"அம்மா, பேசாதே!"

"பேசுவேன். முகாம் சலவைக் கொட்டகையில எனக்கு வேலை. நீ வயித்துல. சனிக்கிழமை, நான் தனியா இருக்கேன். கால்ஹௌன் குடிச்சிட்டு வந்தான். 'கறுப்பன் பிள்ளையையா சுமக்கறே?'ன்னு என் வயித்தைப் பார்த்து பூட்ஸ் காலைத் தூக்கினான்."

"அம்மா, வாயை மூடு!" ஆட்ரி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

எட்னா அந்தக் கையை விலக்கினாள். சோடாக் காரத்தில் வெந்து தடித்த விரல்கள்.

"கையில துணி கிண்டற கட்டை இருந்துச்சு. ஒரே போடு! லாரி நிறுத்தத் தோண்டின குழியில உங்கப்பாவும், முகாமுக்குக் கறி கொண்டுவந்த கிளாரென்ஸும் அவனைப் போட்டாங்க. மறுநாள் கறுப்புப் படைதான் அதுமேல கான்கிரீட் கொட்டுச்சு. உங்கப்பா சொன்னார்... 'எட்னா, என்னை எப்படியும் எதுக்காவது தூக்குல போடத்தான் போறாங்க. இதுக்கே இருக்கட்டும்'னு. ஓடிட்டார். பழி அவர்மேலேயே நிக்கட்டும்னுதான் கிளாரென்ஸ் பொய்ச்சாட்சி சொன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! ஊரே என்மேல காறித் துப்புச்சே!"

"கைக்குழந்தையை விட்டுட்டுத் தூக்குல தொங்கவா? அவர் கார்டிஃப் துறைமுகத்துல வேற பேர்ல மூட்டை தூக்கினார். தான் சாகறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். போன மாசம் செத்துட்டார்."

அப்பா உயிரோடு இருந்திருக்கிறார்... ரயில் ஏறினால் பார்க்கிற தூரத்தில்!

பிட்குட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி விசும்பினார்.

"ஐயோ அம்மா... கதவுக்குப் பின்னாடி போலீஸ் நிக்குதும்மா!" என்று கதறினாள் ஆட்ரி. "நான்தான் கூட்டிட்டு வந்தேன்!"

எட்னா சிரித்தாள்.

"கதவுக்கு அடியில ரெண்டு பெரிய பூட்ஸ் அப்பவே தெரிஞ்சுதுடி. அவர் காதுல விழணும்னுதானே கத்திச் சொன்னேன்! இனிமே உன்னை எவனும் கொலைகாரன் பெத்ததுன்னு சொல்ல முடியாது. கொலைகாரி பெத்ததுன்னு வேணா சொல்லட்டும். உள்ள வாங்க, இன்ஸ்பெக்டர்!"

கதவு திறந்தது. ஆஷ்வொர்த் தலையைச் சொறிந்தார்.

"மேடம்... நீங்க ஸ்டேஷனுக்கு..."

"வரேன், வரேன். மொதல்ல டீ. அம்பது வருஷம் பொறுத்த சட்டம் ஒரு கப் டீக்குப் பொறுக்காதா?" எட்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிளாரென்ஸ், எனக்குச் சர்க்கரையைக் கொஞ்சமாப் போடு... ஜெயில்ல பல் டாக்டர் எப்படியோ!"