சைலன்சரில் அடைத்த துணி

"சாயங்காலம் ஆனா அந்த மிஷினை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தலை வெடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி தட்டை வைத்த வேகத்தில், கரண்டி எகிறிக் கீழே விழுந்தது.

பல் டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்த மிஷினை நிறுத்துவது? ஓடினால் அல்லவா நிறுத்துவதற்கு! வாரக்கணக்காக மரம் அறுக்கும் அந்தப் பழைய செயின்சாவோடு மல்லுக்கட்டி, இழுகயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை, பேருக்காவது, அது ஒரு தும்மல் போட்டதில்லை.

"அது இன்னும் ஸ்டார்ட்டே ஆகலை" என்றார்.

"அப்ப நான் என்ன பைத்தியமா? பக்கத்து வீட்டம்மாகூட சுவரோரம் வந்து கேட்டாங்க, டாக்டர் எந்த மரத்தை அறுக்கறாருன்னு."

பல் குடையும் கருவியின் கிரீச்சிடலோடு ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். காதுக்குள் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடியிருந்தது. சின்னச் சத்தங்கள் தப்பிப்போவது உண்மைதான். ஆனால் செயின்சா ஓடினால் செத்தவனுக்கும் கேட்குமே! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனார்.

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிறவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்தத் தகர ஷெட். பழைய இரும்புக் கடையில் யாரும் சீண்டாமல் கிடக்கும் செயின்சாவைத் தூக்கி வருவார். பிரிப்பார், கழுவுவார், சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அரம் பிடித்துத் தீட்டுவார். செத்துக் கிடந்தது ஒருநாள் உறுமிக்கொண்டு எழும். அப்புறம் ஒரு கட்டையைப் போட்டு அறுத்தால், பச்சை மரத்தின் ஈர வாசனையும் சூடான ஆயிலின் நெடியும் காலடியில் குவியும் தூளுமாக, அன்றைக்கு அவர் சிரித்த முகத்தோடுதான் வீட்டுக்குள் வருவார். அலமாரியில் வரிசையாக இருந்தவை எல்லாம் அப்படி அவர் கையால் பிழைத்தவை.

இது மட்டும் கல்லில் நார் உரிக்கிற கதையாக இருந்தது. கார்புரேட்டரைக் கழுவியாகிவிட்டது. பெட்ரோல் குழாய் புதுசு. வடிகட்டி புதுசு. கடைசியில் சைலன்சரைக் கழற்றினால், புகை போகிற வாயில் ஒரு பூப்போட்ட துணியை யாரோ குச்சியால் குத்திக் குத்தி அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே இழுத்தபோது அதன் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் கரி பிடித்த ஒரு ஸ்பார்க் பிளக்.

"எந்த மடையன் பார்த்த வேலை இது!" என்று அன்று வாய்விட்டே திட்டினார். இன்ஜினில் மாட்டியிருந்ததோ வேறு ஏதோ மலிவு பிளக். மிஷினோடு பிறந்த பிளக்கை விட்டுவிட்டு ஊரான் பிளக்கை மாட்டுவானா ஒருத்தன்? பல்லில் காரை எடுக்கும் கருவியைக் கொண்டே அந்தக் கரியைச் சுரண்டி, பளபளக்கத் துடைத்து, பழைய பிளக்கை அதன் இடத்தில் மாட்டினார். மாட்டும் முன் விளக்கை அணைத்து, அதை இன்ஜின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுத்தும் பார்த்தார். இருட்டில் நீலப் பொறி கொழுகொழுவென்று குதித்தது. இதைவிட நல்ல பொறியை அவர் பார்த்ததில்லை. அப்படியும் மிஷின் எழவில்லை.

நல்ல துணியை இப்படி நாசம் பண்ணியிருக்கிறார்களே என்று மனைவி அதைத் துவைத்துக் காயப்போட்டாள். எத்தனை அலசியும் நடுவில் வட்டமாக ஒரு கருகல் போகவே இல்லை. அந்த வாரத்திலிருந்துதான் அவள் சத்தம் சத்தம் என்று புலம்ப ஆரம்பித்தாள். அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. எரிச்சலில் இருக்கிறவனுக்கு எதுதான் நினைவுக்கு வரும்?

ஷெட்டுக்குள் அந்தி வெளிச்சம் அழுக்காகக் கிடந்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மிஷின் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து சைலன்சரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

சூடு.

தகரக் கூரை, வெயில் தாங்காது, என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் காலையிலிருந்து வெயிலே இல்லை. டாங்க் மூடியைத் திறந்தார். நேற்று விளிம்புவரை ஊற்றிய பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மேசையைத் தடவினார். ஈரமில்லை. தரையிலும் இல்லை.

வேலியில் போன ஓணானை விலை கொடுத்து வாங்கி மடியில் விட்டுக்கொண்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"என்னய்யா மிஷின் கொடுத்திருக்கே? மனுஷன் உயிரை எடுக்குது!"

"டாக்டர், சரியா கேட்கலை. மிஷினை ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க."

"எந்த மிஷினை?"

"அதான் பின்னாடி ஓடுதே. பரவாயில்லையே டாக்டர், சும்மா சொல்லக்கூடாது, அம்சமா ஓடுதே!"

அவர் மேசையைப் பார்த்தார். மிஷின் அசையாமல் கிடந்தது. காதில் வழக்கமான ரீங்காரத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"இதை யார்கிட்ட வாங்கினே?" என்றார் மெதுவாக.

"ஒரு புருஷன் பொண்டாட்டி. அந்தம்மா வாயே திறக்கலை. முகத்துல துணியைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருந்தாங்க. பல்வலி போலன்னு நினைச்சு, உங்ககிட்ட அனுப்பட்டுமான்னுகூடக் கேட்டேன். வீட்டுக்காரர்தான், எடுத்துட்டுப் போ, ஆனா பிரிச்சு மட்டும் பார்க்காதேன்னார். நான் எங்க பிரிக்கறேன்? அப்படியே உங்க தலையில கட்டிட்டேன்." கடைக்காரர் சிரித்தார். "டாக்டர், நிஜமாவே கேட்கலை. அப்புறம் கூப்பிடுங்க."

வீட்டுக்குள் வந்தால், கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. மனைவி துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. மேலே அந்தப் பூப்போட்ட துணி.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க வாங்க, வராம இருங்க, உங்க இஷ்டம். இந்தச் சத்தத்துல நான் இன்னொரு ராத்திரி இருக்க மாட்டேன்."

"போகாதே" என்றார். அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வாயில் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவள் இல்லாத வீட்டை நினைத்த கணத்தில் அலமாரி மிஷின்கள் எல்லாம் வெறும் பழைய இரும்பாகப் போயின.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கறீங்க."

"இல்லை. இரு, ஒரு நிமிஷம்."

ஷெட்டுக்கு ஓடினார். பிளக்கைக் கழற்றினார். அதுவும் சூடாக இருந்தது. துடைத்துக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இதுதான் அதோட உயிர். இது இல்லாம எந்தக் கொம்பனாலயும் ஓட்ட முடியாது. நீயே வச்சுக்கோ. விடிஞ்சதும் மிஷினை எடைக்குப் போட்டுடறேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு பெட்டியை மூடித் தள்ளிவிட்டு, மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "நின்னுடுச்சு" என்றாள் கொஞ்சம் கழித்து. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தக் குரலில் நிம்மதி இருந்தது.

அவர் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஷெட் கதவைப் பூட்டப் போனவருக்கு மேசைமேல் அந்தச் சனியன் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. வாரக்கணக்கான வேலை. தோள்வலி. வீட்டில் சண்டை. பிளக் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. இனி நீ எப்படி ஓடுகிறாய் என்று பார்க்கிறேன் என்பதுபோல, பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஒரே இழு இழுத்தார்.

ஓட்டை 'புஸ்' என்று காற்றுவிட்டது.

வீட்டுக்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவருக்குக் கேட்டது. முதல் தடவையாக. முதலில் ஒரு தும்மல், ஒரு உறுமல், பிறகு பிசிறில்லாத சீரான ஓட்டம். எத்தனை நாள் ஏங்கிய சத்தம்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி அது எங்கிருந்து வருகிறது என்று உறைத்தது.

ஓடினார்.

கூடம் முழுக்கப் பெட்ரோல் நெடி. சுவரில் மாட்டியிருந்த படங்கள் கடகடவென்று ஆடின. படுக்கையறைக் கதவின் கைப்பிடி அதிர்ந்தது. திறந்தார்.

அறையில் மிஷின் இல்லை. கட்டிலில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

"பிளக் எங்கே?" என்றார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் கையை விரித்தாள். உள்ளங்கை காலி. கரி அச்சு மட்டும்.

அவள் உதடுகள் 'நிறுத்துங்க' என்று குவிந்தன. சத்தம் ஏறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் பயந்து உதடுகளை நிறுத்தினாள். சத்தம் இறங்கி மறுபடி சீராக ஓடியது.

"ஆ காட்டு" என்றார். ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. கை தானாக அவள் தாடையைப் பிடித்தது. கொதித்தது.

அவள் காட்டினாள்.

பற்களின் ஓரமெல்லாம் கரி. உள்ளே இருட்டு. இருட்டின் அடியில், நாக்கு முடிகிற இடத்தில், கொழுகொழுவென்று ஒரு நீலப் பொறி. மறுபடி. மறுபடி. ஒரு தப்பில்லாமல்.

அவர் கை நழுவியது. அவள் அழுதுகொண்டே நாற்காலிப் பக்கம் கையை நீட்டினாள். அந்தப் பூப்போட்ட துணியை எடுத்தாள். கருகல் நடுவில் வரும்படி நிதானமாக மடித்தாள். வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கட்டுவதற்கு வாகாக, துணியின் இரண்டு முனைகளையும் பின்னால் நீட்டினாள்.